பள்ளிக்கூடமா, சிறப்புப் பள்ளியா, தோவாளையா?

என் அக்கா மகனுக்கு வயது 19, அறிவுசார் குறைபாடு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 15. அவளுக்கு எழுத்து மட்டும்தான் பிடிபடாது, கற்றல் குறைபாடு. ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரி ‘மக்கு’ என்றார்கள். சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா, தோவாளைப் பூச்சந்தையில் வேலையா, எந்த வழி நல்லது என்று யாராவது கேட்டால், பிள்ளைக்கு இந்த இரண்டில் எந்தக் குறைபாடு என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்குச் சாதாரணப் பள்ளிதான் சரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் இதுவும் உண்டு. குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எல்லாம் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றிதழ் வாங்கி வைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் அலைய வேண்டாம். பத்தாவதில் தவறினால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 5 வருடத்தில் 9 தடவை எழுதலாம். எட்டாவது முடித்தவர்களை வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் எடுக்கும் ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் வாசித்துப் பதில் சொல்லும் பாடத் தேர்வு உண்டு. கையால் செய்கிற வேலைதானே என்று நினைத்துச் சேர்த்துவிட வேண்டாம்.

அக்கா மகன் கதை வேறு. சாதாரணப் பள்ளியில் ஐந்தாவது வரை கடைசி பெஞ்சில் இருந்தான். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும் நாள் மட்டும் அவனுக்குப் பள்ளிக்கூடம். பிறகு சேர்த்த சிறப்புப் பள்ளியில்தான் தானே குளிக்க, சட்டைப் பொத்தான் போட, ஐந்து ரூபாய் எது பத்து ரூபாய் எது என்று பார்க்கப் பழகினான். அதற்கு ஈடு கிடையாது. குறை, அங்கே இருந்த தொழிற்பயிற்சியில்தான். மெழுகுவர்த்தி, காகிதக் கவர். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று கடை போடுவார்கள், வந்தவர்கள் வாங்குவார்கள். டிசம்பர் 4 அன்று யார் வாங்குவார்? போதாக்குறைக்கு, இலவசக் கல்வி என்று சட்டம் சொல்வதும் 18 வயது வரைதான்.

அப்புறம்தான் தோவாளை. பூ கட்டும் ஒரு அக்கா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "மக்களே, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, நாரைச் சுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருபது வரை எண்ணத் தெரியாதவனுக்கு இரண்டு இரண்டாக வைப்பது தப்பவில்லை. மூன்று வாரத்தில் பிச்சிச் சரத்தில் இடைவெளி விழாமல் கட்டினான். முழத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி வைத்தோம். இல்லாவிட்டால் ‘பாவம் பிள்ளை’ என்று டீயும் வடையும் தந்தே அனுப்பிவிடுவார்கள்.

இதில் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது. விடியுமுன் கிளம்ப வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். சத்தம் கூடினால் அவன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவான். ஓணத்துக்குக் கேரள வியாபாரிகள் குவியும் பத்து நாளும் அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம். அந்த நாட்களில் என் அக்கா பூவையும் நாரையும் வீட்டுக்கே வாங்கி வந்துவிடுவாள்.