தேய்ந்த ரைபிள் குழல்: வரியைப் புதுப்பிப்பதா, புதுக்குழாய் செருகுவதா?

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீண்ட சக்கிமுக்கி ரைபிள்களின் குழல், மென்மையான தேனிரும்பால் ஆனது. கருமருந்து எனும் வெடிமருந்தின் கசடு அரிப்பதாலும், வாய்வழியே குண்டைத் திணிக்கும் கோல் ஓயாமல் உரசுவதாலும் குண்டைச் சுழலவைக்கும் உள்ளிருக்கும் சுருள் வரிகள் மழுங்கி, குறி சிதறத் தொடங்குகிறது.

குழலில் கைவைக்குமுன், குண்டைச் சுற்றித் திணிக்கும் துணியை மாற்றிப் பார்ப்பதே முறை. அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டும், அதைச் சுற்ற 0.015 அங்குலத் தடிமனுள்ள பருத்தித் துணியும் வழக்கமான தொடக்க அளவுகள். சுட்டபின் தரையில் கிடக்கும் துணியை எடுத்துப் பார்த்தால், வரிகளின் தடம் சீராகப் பதிந்து முழுதாக இருக்கவேண்டும். குண்டைச் சுற்றிய வட்டத்தில் அது கருகி ஓட்டையாகியிருந்தால் புகை பக்கவாட்டில் கசிகிறது என்று பொருள், அதற்குத் தடித்த துணியே போதுமானதாகலாம்.

அது உதவாதபோதுதான் வரிகளைப் புதுப்பிக்கும் பழைய முறை வருகிறது. ஒரு கோலின் நுனியைச் சுற்றிக் குழலுக்குள்ளேயே ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். உறைந்த ஈயம் வரிகளின் வடிவத்தையே ஏற்பதால், அதில் பதித்த சிறு எஃகு வெட்டுப்பல் பழைய சுருளின் வழியிலேயே சென்று பள்ளத்தைச் சுரண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பல்லின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி உயர்த்துவார்கள். வரி வெட்டும் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை என்பது இதன் அழகு. ஆனால் குழலின் விட்டம் கூடுவதால் குண்டுக்குப் புது அச்சு செய்யவேண்டும். பழைய சுருளில் கோணல் இருந்தால் அதுவும் அப்படியே தொடரும்.

குழலைத் துளைத்து அகலமாக்கி, வரி வெட்டிய புது எஃகுக் குழாயைச் செருகிப் பற்றவைப்பது மற்ற வழி. பழைய குண்டளவை வைத்துக்கொள்ளலாம், சுருளும் துல்லியமாக அமையும். இருப்பினும் நீண்ட துளைப்பு சற்றே விலகினாலும் குழல் கெடும். தீப்பொறி புகும் துளையைப் புதிதாக இடவேண்டும். கைவினைஞர் வெட்டிய மூல வரிகள் திரும்பக் கிடைக்காது.

வெறும் தேய்மானம் என்றால் நான் ஈயக்கோலின் பக்கமே நிற்பேன். மருந்து எரியும் பின்முனையில் துரு ஆழமாகக் குழி பறித்திருந்தால், அதைச் சுரண்டி நீக்குவது சுவரைத்தான் மெலியவைக்கும் என்பதால், அங்கே புதுக்குழாயே பொருத்தம். அதுவும் வெளிச்சுவர் இன்னும் தாங்குமா என்று தேர்ந்த துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் சோதித்த பிறகே.