உடன்குடி கருப்பட்டி: விடிலியில் வாங்கிய 5 கிலோ

சித்திரை மாசம் திருச்செந்தூர் பக்கத்து உடன்குடிக்கு மேற்கே, தேரிக்காடு என்கிற செம்மணல் மேட்டுக்காட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு விடிலியில் 5 கிலோ கருப்பட்டி வாங்கினேன். விடிலி என்றால் பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. நாலு மாசமாக எங்கள் வீட்டில் காபி, உளுந்தங்களி, புட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். கிலோ 480 ரூபாய் கொடுத்தேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கடை ஒன்றில் 320 ரூபாய்க்கு வாங்கினது உடன்குடி என்று சொல்லித்தான் விற்றார்கள், வாயில் போட்டதும் வெறும் சர்க்கரை இனிப்பு, உடைத்த இடத்தில் சீனி மாதிரி மினுக்கம். இதை உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாக, மங்கலாக இருக்கிறது. நாக்கில் முதலில் இனிப்பு, அப்புறம் லேசான உப்புக் கரிப்பு, கடைசியில் கொஞ்சம் புகை வாசம். அந்த உப்புக் கரிப்புக்காகவே நான் மறுபடி போவேன்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வரைக்கும் இரண்டு பக்கமும் வயலும் வாழையுமாகத்தான் இருக்கும். எல்லாம் தாமிரபரணித் தண்ணீர். பொதிகையில் இரண்டு பருவமழையும் விழுவதால் ஆற்றில் தண்ணீர் வருகிறது, ஆனால் அதே மலைதான் தென்மேற்கு மழையை மறித்துவிட்டு இந்தக் கடலோரத்துக்கு வெறும் காற்றை மட்டும் அனுப்புகிறது. வருஷத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில். வாய்க்கால் எட்டாத தெற்குப் பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் பச்சை முடிந்து, தரை செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. அதுதான் குதிரைமொழித் தேரி.

இந்தச் சிவப்புக்குக் காரணம் இரும்பு. மலைப் பாறைகளில் இருக்கும் கார்னெட், இல்மனைட் மாதிரியான இரும்புச் சத்துள்ள கனிமங்கள் சிதைந்து, அந்த இரும்பு துருப்பிடித்து மணலின் ஒவ்வொரு பொடியையும் மேல்பூச்சாகப் போர்த்தியிருக்கிறது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது, அப்போது வெளியே தெரிந்த கடலடி மணலும் உள்நாட்டுச் செம்மண்ணும் காற்றில் குவிந்து குவிந்து இந்த மேடுகள் ஆகியிருக்கின்றன. காற்று இன்றும் நிற்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஆனி ஆடியில் இங்கே மணலைத் தூக்கிப் போடுகிறது. அதை அமர்த்துவதற்காகத்தான் வனத்துறை கொல்லாமரம், அதாவது முந்திரி, நட்டது. மற்றபடி உடை என்கிற முள்மரம், ஓரங்களில் முருங்கைத் தோட்டம், எங்கே பார்த்தாலும் பனை.

இவ்வளவு காய்ந்த மணலில் பனை எப்படி நிற்கிறது என்று விடிலிக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மரத்து மூட்டில் கையால் மணலை ஒதுக்கினார். மேலே சூடு, ஒரு முழம் இறங்கியதும் மண் நிறம் கறுத்து, கையில் பிடித்தால் உருண்டை நின்றது. "மழ பெஞ்சா ஓடாதுல்லா தம்பி, அப்படியே குடிச்சிரும், மரம் அதத்தான் உறிஞ்சுது" என்றார். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனையும் இப்படித் தேரி குடித்த தண்ணீர்தான். ஆனால் போர்வெல் போட்டு அளவில்லாமல் இறைத்த இடங்களில் கடல்நீர் உள்ளே வந்து கிணறு உப்பாகிவிட்டது, அந்தப் பக்கத்து விவசாயிகள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாழை அந்த உப்பில் கருகிவிடும், பனை கொஞ்சம் தாங்கும்.

காய்ச்சுகிறதைக் கிட்டே இருந்து பார்த்தேன். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரை வடிகட்டித் தாச்சி என்கிற அகலப் பாத்திரத்தில் ஊற்றி, பனை மட்டையும் உடை விறகும் வைத்து மூன்று மணி நேரம் எரிக்கிறார்கள். பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் தூவினார் அந்த அம்மா, பொங்கல் அப்படியே அடங்கிவிட்டது. கம்பிப் பாகு தாண்டியதும் இறக்கி, துழாவி, ஈர மணலில் வரிசையாகப் பதித்து வைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 8 லிட்டர் பதநீர் வேண்டும், அதற்கு அண்ணாச்சி ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏற வேண்டும். அதைப் பார்த்த பிறகு 480 ரூபாய்க்கு நான் பேரம் பேசவில்லை, நீங்களும் பேசாதீர்கள்.

குறை என்றால் சில இருக்கிறது. அடியில் மணல். கரைத்து ஒரு நிமிஷம் தெளிய வைக்காமல், துணியில் வடிகட்டாமல் பால் ஊற்றினால் கடைசி வாய் நறநற என்கும். எல்லாச் சில்லும் (கருப்பட்டிக் கட்டியும்) ஒரே மாதிரி இல்லை, இரண்டு சில்லு கொஞ்சம் அடிப்பிடித்த கசப்பு. கட்டித் தந்த பாலித்தீன் பை மோசம், வீட்டுக்கு வருவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. குட்டான் என்கிற ஓலைப் பெட்டியில் கேட்டு வாங்குங்கள், தனியாகக் காசு என்றாலும் சரி. ஆடி மழைத் தூறலில் டப்பாவில் வைத்தது கசிந்தது, மண்சட்டியில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைத்தது அப்படியே இருக்கிறது.

2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம், ஆனால் வெளியூர்க் கடையில் அந்தப் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், ஒரு சில்லை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், உடைக்க மாட்டேன் என்றால் வேண்டாம். முடிந்தால் பங்குனியிலிருந்து ஆடிக்குள் நேரில் போங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் பட்டையில், அதாவது பனையோலைக் குவளையில், பதநீரும் கிடைக்கும், தாமதித்தால் எல்லாம் தாச்சிக்குப் போய்விடும். ஐப்பசிக்கு மேல் போனால் விடிலியில் ஆள் இருக்காது. நான் அடுத்த தடவைக்கு 8 கிலோ இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், குட்டானில் கட்டித் தருவதாகச் சொன்னார்.