கரையை உயர்த்துவதா, மறுகாலை அகலப்படுத்துவதா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் தோட்டத்துக்குள் சொந்தமாகச் சிறு மண் அணை வைத்திருப்பவருக்கு, மழைக்கு முன் எழும் கேள்வி இது. மறுகால் என்பது அணை நிரம்பும்போது மிச்ச நீர் வெளியேறும் வழி.

கரையை உயர்த்தினால் தண்ணீர் கூடுதலாக நிற்கும். கோடையில் வாழைக்கு உதவும். ஆனால் மேலே நாலு லோடு மண்ணைக் கொட்டினால் வேலை முடிந்துவிடாது. உயரம் கூடினால் அடியும் அகல வேண்டும். மண்ணை ஈரப்பதம் பார்த்து, அடுக்கடுக்காகத் திமிசுபோட்டு இறுக்க வேண்டும். நீரின் அழுத்தமும் கசிவும் அதிகரிக்கும். தெளிந்த கசிவென்றால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள்.

மறுகாலை அகலப்படுத்தினால் ஒரு குடம் தண்ணீர்கூட அதிகம் சேராது. அதனாலேயே பலருக்கு அதில் மனம் வருவதில்லை. நான் இதன் பக்கம்தான். மண் கரைகள் உடைவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, வெள்ளம் கரையின் தலைக்கு மேல் வழிவது. இருபருவ மழையும் கொட்டும் மாவட்டம் இது. 2017 ஒக்கி புயலை யார் மறந்தார்கள்? மறுகாலில் வழியும் நீர் கரையின் அடியை அரிக்காமல் ஓடையில் சேரும்படி கல் பாவ வேண்டும்.

கீழே வீடுகள் இருந்தால், பொறியாளர் பார்க்கும்வரை மண்வெட்டியைத் தொட வேண்டாம்.