காஸ்ட்டா, அசைனா? வேஷம் கொடுக்க எந்த ஆங்கிலச் சொல்

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் நடத்தும் மாலை டியூஷனில் போன வருஷம் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய கதை. ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, கவர்னர் ஹாரிஸ் பிரபுவுக்கு ஒரு தொப்பி கிடைத்தால் போதும், செலவும் குறைவு. நாடகம் தமிழில்தான். விழா மலர் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் பெற்றோருக்குத் திருப்தி. அதில் ஒரே வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்திக்கு இன்ஜின் டிரைவர் வேஷம் கொடுத்தோம். அந்தக் 'கொடுத்தோ'முக்கு ஆங்கிலத்தில் எதைப் போடுவது?

அப்பாயிண்ட் உடனே விழுந்துவிட்டது. அது பதவிக்கான சொல்: ஆர்டர் வரும், சம்பளம் வரும். டெலிகேட் என்றால் நம் வேலையில் ஒரு பகுதியைக் கீழே இருப்பவரிடம் தள்ளிவிடுவது. நான் இன்ஜின் ஓட்டவில்லையே. கிவ் எங்கும் தப்பாகாது, எங்கும் எடுபடவும் செய்யாது. மிச்சம் இரண்டு: அசைன், காஸ்ட். நான் காஸ்ட் பக்கம் சாய்ந்தேன், இன்றும் அதே பக்கம்தான்.

காரணம் தமிழிலேயே இருக்கிறது. வேஷம் கொடுப்பதை நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம். 'அவளுக்கு டிரைவர் வேஷம் கொடுத்தோம்' என்பது ஒன்று. 'அவளை டிரைவராகப் போட்டோம்' என்பது இன்னொன்று. முதலாவதில் நாம் எடுத்துக் கொடுக்கும் பொருள் வேஷம். ஆள் 'கு' போட்டு ஓரமாக நின்று வாங்கிக்கொள்கிறாள். இரண்டாவதில் ஆளையே தூக்கி வைக்கிறோம். 'ஐ' ஆளிடம் வருகிறது, வேஷம் 'ஆக' என்ற வாலோடு பின்னால் வருகிறது. அசைன் முதல் ஜாதி, காஸ்ட் இரண்டாவது ஜாதி. (இந்த 'ஜாதி' எனக்குச் செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.)

'வீ அசைன்ட் தி ரோல் டு ஹெர்.' இதில் 'டு' நம் 'கு'. 'வீ காஸ்ட் ஹெர் ஆஸ் தி டிரைவர்.' இதில் 'ஆஸ்' நம் 'ஆக'. பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் தமிழில் சொல்லிப் பார், ஆளுக்குப் பின்னால் 'ஐ' வந்தால் காஸ்ட், 'கு' வந்தால் அசைன். 'காஸ்ட் தி ரோல் டு ஹெர்' என்று எழுதும் பழக்கம் இதோடு பாதி போய்விடும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பாத்திரத்தின் பெயர் வந்தால் 'ஆஸ்'. நாடகத்தின் பெயரோ 'ரோல்' என்ற சொல்லோ வந்தால் 'இன்'. 'டிரைவரை இன்னும் காஸ்ட் பண்ணவில்லை' என்று வேஷத்தையே செயப்படுபொருளாக வைத்துச் சொல்லலாம், அதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று பொருள். ஆனால் அங்கேயும் 'டு ஹெர்' ஒட்டாது.

அசைனும் சில சமயம் ஆளைப் பிடிக்கும். ஒருவரைப் பெரம்பூர் கிளைக்கு அசைன் செய்தார்கள் என்று எழுதலாம். ஆனால் அது டியூட்டி வாசனை அடிக்கும் சொல். பொருந்துமா பொருந்தாதா என்ற கேள்வியே அதில் இல்லை. எங்கள் நாடகத்தில் திரை இழுத்த பையனுக்கு அசைன் சரி. யார் இழுத்தாலும் திரை திறக்கும். டிரைவருக்கு அப்படி இல்லை. ஆறு பேரைக் கூவ வைத்துப் பார்த்தோம், இவள் விட்ட விசில்தான் தெருமுனை வரை போனது. ஒரு அப்பா, சண்டை வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுங்கள் என்றார். சீட்டுப் போடுவதற்கும் ஆங்கிலத்தில் காஸ்ட் லாட்ஸ்தான்! பார்த்துப் பொறுக்குவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதற்கும் ஒரே வினைச்சொல்.

அந்தச் சொல்லின் மூலமே எறிவதுதான். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் 'காஸ்டா' என்றால் எறி, வீசு. அதனால்தான் எண்ணூர்க் கழிமுகத்தில் வீச்சு வலை வீசினாலும் காஸ்ட், ஓட்டுப் போட்டாலும் காஸ்ட். உருக்கின இரும்பை அச்சில் ஊற்றினாலும் காஸ்ட், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டாலும் காஸ்ட். நமக்கு வீசு, வார், போடு என்று தனித்தனியாக இருக்கிறது. வேஷத்துக்கு எனக்கு நெருக்கமாகப் படுவது அந்த 'வார்'தான். பாத்திரம் என்று நாம் சமையலறையிலும் சொல்கிறோம், மேடையிலும் சொல்கிறோம். ஆளை அதில் ஊற்றிப் பார்க்கிறோம். சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது, பிள்ளைகளுக்கு மனதில் நிற்கிறது.

காஸ்ட்டின் தொந்தரவு இரண்டு. ஒன்று, இறந்த காலம். கட், புட், ஹிட் மாதிரி இதுவும் மாறாது: காஸ்ட், காஸ்ட், காஸ்ட். மலரின் புரூஃப் வந்தபோது 'காஸ்டட்' என்று இருந்தது. டிடிபி தம்பி, "பாஸ்ட் டென்ஸ் விட்டுட்டீங்க சார், நானே போட்டுட்டேன்" என்றார் பெருமையாக. அவரைக் குறை சொல்ல முடியாது. போர்காஸ்ட், பிராட்காஸ்ட் இரண்டுக்கும் 'எட்' சேர்த்த வடிவத்தை அகராதிகளே ஏற்கின்றன. வேஷத்துக்கு மட்டும் அது தப்பு. இந்த விஷயத்தில் அசைன் நல்ல பிள்ளை, 'எட்' போட்டால் முடிந்தது. சினிமாக் கம்பெனிகளில் எழுதும் ஆங்கிலம் எனக்குப் பழக்கமில்லை, என் அனுபவம் டியூஷன் மொட்டைமாடி வரைதான்.

இரண்டாவது, காது. ஒத்திகை முடிந்து, "நாளைக்கு காஸ்ட் லிஸ்ட் ஒட்டிடுவோம்" என்று மைக்கில் சொன்னேன். படிக்கட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தே விட்டார். "இன்னா சார் இது, நாடகத்துக்குக் கூடவா ஜாதி கேப்பீங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. ஜாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் போர்த்துகீசிய 'காஸ்டா'விலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் உறவு இல்லை, எழுத்தில் கடைசியில் ஒரு 'ஈ' கூட வரும் என்றெல்லாம் விளக்கலாம். ஆனால் வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். நம் ஊர் உச்சரிப்பில் விலையைச் சொல்லும் காஸ்ட்டும் சேர்ந்துகொள்ளும். அந்த அம்மாவுக்குக் கேட்ட பொருள் தப்பு, ஆனால் அவர் கேட்ட கேள்வி தப்பில்லை. இந்த ஓர் இடத்தில் அசைன் ஜெயிக்கிறது, அதைச் சொல்லி யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள்.

ஆனாலும் மலரில் காஸ்ட் என்றே அச்சானது, 'எட்'டை நீக்கி. மொட்டைமாடிக் கதவில் ஒட்டிய தாளில் மட்டும் ஸ்கெட்ச் பேனாவால் 'யாருக்கு என்ன வேஷம்' என்று எழுதினேன். அந்த அம்மா அதை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனார். அவர் பையன் நிலக்கரி அள்ளிப் போடுகிறவன். "சட்டையெல்லாம் கரியாவுமா சார்?" என்றார். கறுப்புக் காகிதத்தைக் கசக்கித்தான் போடப்போகிறோம் என்றேன்.