சூப்பர் பாஸ்பேட் மூட்டை: தொழுவுரத்தோடு சேர்ந்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்

தழையும் மணியும் சேர்ந்த டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரம் தீர்ந்துபோனால் கடைக்காரர் தலையில் கட்டுகிற சரக்கு என்றுதான் சூப்பர் பாஸ்பேட்டுக்கு, சுருக்கமாகச் சூப்பருக்கு, பல ஊர்களில் பெயர். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 50 கிலோ மூட்டையில் மணிச்சத்து (பாஸ்பேட்) 16 சதவீதம், அதாவது 8 கிலோதான். அதே எடை டிஏபியில் 23 கிலோ இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) சூப்பரில் துளியும் கிடையாது. வண்டி வாடகை, ஏற்றுக்கூலி எல்லாம் மூன்று மடங்கு. இவ்வளவுக்குப் பிறகும், மானாவாரி உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் டிஏபியைவிடச் சூப்பரே மேல். ஆனால் தொழுவுரத்தில் கலந்து ஒரு மாதம் மூடிவைத்துப் போடுகிறவருக்குத்தான்.

முதலில் விலைக் கணக்கு. 3 மூட்டை சூப்பரும் 20 கிலோ யூரியாவும் சேர்ந்தால் ஒரு மூட்டை டிஏபியில் உள்ள தழையும் மணியும் கிடைத்துவிடும். டிஏபி 1350 ரூபாய், 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொண்டால், சூப்பர் மூட்டை 410 ரூபாயாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் கந்தகத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் கொடுப்பது. சூப்பரில் கந்தகம் 11 சதவீதம். டிஏபியில் அது இல்லை. பயறும் எண்ணெய்வித்தும் போடாதவர் இந்தக் கூடுதல் காசைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

தூளா, குருணையா? தொழுவுரத்தில் கலக்கத் தூள்தான் வேண்டும், குருணை சாணத்தோடு சரியாகப் பிடிக்காது. உழவு சாலில் தனியாகப் போடுவதற்குக் குருணை கைக்கு நன்றாக வரும். மூட்டையில் நீரில் கரையும் பாஸ்பேட் 14.5 சதவீதம், கந்தகம் 11 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். நல்ல சரக்கில் லேசான புளித்த அமில வாடை வரும். மிச்ச அமிலம் கையில் புண் இருந்தால் எரியும், பழைய சாக்கையும் அரித்துவிடும். ஒரு பருவம் தாண்டி இருப்பு வைத்தால் கட்டிதட்டிப்போகும். உடைத்துச் சலித்துப் போடலாம், சத்து போய்விடாது.

மண்ணில் நேரடியாக விழுந்த மணிச்சத்துக்கு ஆயுசு குறைவு. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், கரிசலில் சுண்ணாம்பும் அதைப் பிடித்து இறுக்கிவிடும். முதல் பருவத்தில் பயிர் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். தொழுவுரத்தோடு கலந்து வைத்தால், மக்கும்போது வரும் கரிம அமிலங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தும்; நுண்ணுயிர்கள் மணிச்சத்தைத் தம் உடம்பில் வாங்கிவைத்துப் பிறகு மெல்ல விடும். சாணத்திலிருந்து ஆவியாகப் போகும் அம்மோனியாவையும் சூப்பரின் அமிலம் பிடித்துவைக்கும். வேளாண் துறையினர் இதைத்தான் ஊட்டமேற்றிய தொழுவுரம் என்கிறார்கள்.

மானாவாரி உளுந்துக்கு ஏக்கர் கணக்கு: மணிச்சத்து 10 கிலோ தேவை, அதற்குச் சூப்பர் 62.5 கிலோ. நன்கு மக்கிய, பொடிந்த தொழுவுரம் 300 கிலோ. மர நிழலில், தண்ணீர் தேங்காத மேட்டில், நாலடி நீளம் மூன்றடி அகலத்துக்கு ஒரு சாண் உயரம் எருவைப் பரப்பி, மேலே சூப்பரைத் தூவி, திரும்ப எரு என்று அடுக்கடுக்காக இரண்டடி வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு கை எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. சொட்டினால் அடியில் கசிகிற நீரோடு மணிச்சத்தும் போய்விடும். பிறகு சேறு பூசி 30 நாள் மூடிவையுங்கள். பூச்சு வெடித்தால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். மக்காத எருவைப் போடுவது முதல் தப்பு: கரையானும் வெள்ளைப்புழுவும் கூடவே வரும், மக்குவதற்கு மண்ணின் தழைச்சத்தையே அது தின்னும், இளம்பயிர் வெளுக்கும். அடுத்தது, எருக்குழியில் கிடக்கிற அடுப்புச் சாம்பல். சாம்பலோ சுண்ணாம்போ சேர்ந்தால் கரையும் பாஸ்பேட் கரையாததாக மாறிவிடும். மூன்றாவது, யூரியாவையும் சேர்த்துக் குவியலில் போட்டு ஒரே வேலையாக முடிக்கும் ஆசை. யூரியாவும் சூப்பரும் ஒன்றாக இருந்தால் நீர் விட்டுக் கூழாகும். சாணத்தில் யூரியா அம்மோனியாவாகிப் பறக்கும். 11 கிலோ யூரியாவையும் 8 கிலோ பொட்டாஷையும் விதைப்பன்று தனியாக அடியுரமாகப் போடுங்கள்.

ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களையும் இந்தக் குவியலில் போடக் கூடாது, புதுச் சூப்பரின் அமிலம் அவற்றுக்கு ஆகாது. 8 கிலோ விதைக்கு வகைக்கு ஒரு 200 கிராம் பொட்டலம், ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் ஏற்றி நிழலில் உலர்த்தினால் போதும்.

ஊட்டமேற்றிய எருவை மேலாக வீசுவதும் வீண். மணிச்சத்து மண்ணில் நகராது. மேல்மண் காய்ந்ததும் வேர் அதைத் தொடவே தொடாது. ஏரின் பின்னால் சாலில் விழ வேண்டும்.

இதைப் போட்டுவிட்டால் ஏக்கருக்கு 5 டன் எரு அடிக்க வேண்டாம் என்று சிலர் சொல்வது தவறு. 300 கிலோ எருவில் தழைச்சத்து ஒன்றரைக் கிலோ தேறினால் பெரிது. மண்ணின் ஈரம் பிடிக்கும் குணத்தை அந்த அளவு மாற்றாது. மணிச்சத்தை வேருக்குக் கொண்டுசேர்க்கும் வழி, அவ்வளவே. நிலக்கடலைக்காரர்கள் சூப்பரில் ஜிப்சம் (சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் சேர்ந்தது) இருக்கிறதே என்று 40-45ஆம் நாளில் மண் அணைக்கும்போது போடும் 160 கிலோ ஜிப்சத்தை விட்டுவிடவும் கூடாது. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக எடுக்கிறது, அடியில் விதைப்பன்று போட்டது அந்த நேரத்துக்குப் போதாது.

மண் பரிசோதனையில் மணிச்சத்து எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று வந்தால், எந்த மூட்டையும் வாங்குமுன் மண்வள அட்டையில் உள்ள பரிந்துரையைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆண்டாண்டாக டிஏபி போட்ட தோட்டக்கால்களில் பல இந்த வகைதான்.