சாவி யார் இடுப்பில்? நாடாளுமன்றச் செலவுக்கு மூன்று வழிகள்

எங்கள் அடுக்ககச் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் குழு என்று ஒன்று உண்டு. மூன்று பேர், சம்பளம் கிடையாது. போன வருஷம் அதில் நானும் ஒருவன். ஜெனரேட்டர் டீசல் பில்களை மொத்தமாக நகல் எடுக்க 340 ரூபாய் ஆனது. செயலாளரிடம் போய்க் கேட்டேன். "இந்த மாசம் லிஃப்ட் ஏ.எம்.சி. கட்டணும் சார், அடுத்த மாசம் பார்த்துக்கலாமே" என்றார். நல்ல மனிதர்தான், பணத்தில் கை வைக்கிற ஆள் இல்லை. ஆனால் நான் சரிபார்க்கப் போவது அவர் கையெழுத்துப் போட்ட பில்களை. அதற்கான ஜெராக்ஸ் காசும் அவர் மேசை இழுப்பறையிலிருந்துதான் வர வேண்டும். கடைசியில் கைக்காசைப் போட்டு எடுத்தேன்.

அடுத்த பொதுக்குழுவில் துணைவிதியைத் திருத்துவது என்று முடிவானது. மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, குழு தன் செலவைச் சொல்லும், செயலாளர் அதைத் தன் பட்ஜெட்டோடு சேர்த்து வைப்பார். இரண்டு, குழு கேட்டதைச் செயலாளர் குறைக்கக் கூடாது, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தலைவர் கையெழுத்து வேண்டும். மூன்று, குழுவே நேராகப் பொதுக்குழு முன் வைத்து வாங்கிக்கொள்ளும். நான் மூன்றாவதுக்குக் கை தூக்கினேன். அதற்கு முந்தைய வாரம் முழுக்க, அரசைக் கேள்வி கேட்கும் நாடாளுமன்றங்கள் தங்கள் வருடாந்தரச் செலவுக்கு யாரிடம் கை நீட்டுகின்றன என்று படித்துக்கொண்டிருந்தேன். 340 ரூபாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் மூன்று யோசனைகளும் ஏறக்குறைய இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன் வழிகள்தான் என்று பிறகுதான் புரிந்தது.

தொகை பெரிதா என்ற கேள்வியில் நேரம் செலவிட வேண்டாம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் மக்களவைக்கு ஏறக்குறைய 900 கோடி, மாநிலங்களவைக்கு 400 கோடிக்குச் சற்று மேல். மொத்த பட்ஜெட்டோ 50 லட்சம் கோடி. கடலில் கரைத்த பெருங்காயம். நாடாளுமன்ற உணவக மானியத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாட்ஸ்அப்பில் பொங்கினோம், அதுவும் 2021இல் நின்றுவிட்டது. எவ்வளவு என்பதைவிட, யார் கையால் என்பதுதான் விஷயம்.

முதலில் நம்முடையது. மக்களவைச் செயலகம் மதிப்பீடு தயாரிக்கும், சபாநாயகர் ஒப்புதல் தருவார், அது நிதியமைச்சகத்துக்குப் போய் மத்திய பட்ஜெட்டுக்குள் ஒரு மானியக் கோரிக்கையாக, அதாவது மக்களவை ஓட்டுப் போட்டு ஒதுக்க வேண்டிய தொகையாக, உட்கார்ந்துகொள்ளும். மாநிலங்களவைக்கும் அப்படியே. சபாநாயகர், துணை சபாநாயகர், மாநிலங்களவைத் தலைவர், துணைத் தலைவர் ஆகியோரின் சம்பளமும் படிகளும் மட்டும் அரசியலமைப்பின் 112ஆவது பிரிவுப்படி ஓட்டெடுப்புக்கே வராமல், அரசின் வரவெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து நேராக எடுக்கப்படும். (2019 முதல் 2024 வரையிலான 17ஆவது மக்களவையில் துணை சபாநாயகரே இல்லை. அந்த வகையில் ஒரு சம்பளம் மிச்சம்.) மீதியெல்லாம் ஓட்டுக்கு உரியது. ஆனாலும் அவையின் சொந்தக் கோரிக்கையை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை.

இந்த ஏற்பாட்டை மட்டமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மத்தியச் சட்டசபைக்குத் தனி அலுவலகம் கிடையாது. அரசாங்கத்தின் சட்டமன்றத் துறை ஊழியர்களே அவைக்கும் வேலை பார்த்தார்கள். அவைத் தலைவராக இருந்த விட்டல்பாய் பட்டேல், இது சரிப்படாது, அவையின் ஊழியர் அவைத் தலைவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நின்றார். 1928இல் மோதிலால் நேரு அதற்குத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929 ஜனவரியில் தனித் துறை உருவானது. இன்றைக்கு 98ஆவது பிரிவு இரு அவைகளுக்கும் தனித்தனிச் செயலகம் என்று சொல்வதன் வேர் அங்கேதான். ஆள் யாருடையவர் என்ற வழக்கை அன்றே ஜெயித்துவிட்டோம். காசு யார் பெட்டியிலிருந்து என்பதைத்தான் மரபிடம் விட்டுவிட்டோம்.

மரபு நன்றாகவே ஓடுகிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சபாநாயகர் ஒப்புதல் தந்த மதிப்பீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் நெருக்கடி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஏப்ரலைப் பார்க்கலாம். கொரோனாவுக்காக எம்.பி.க்களின் சம்பளத்தில் ஓராண்டுக்கு 30 சதவீதம் பிடிப்பது என்று அமைச்சரவை முடிவெடுத்து, அவசரச் சட்டமே வந்துவிட்டது. அப்போது அவை கூடியிருக்கவில்லை. செப்டம்பரில்தான் மசோதாவாக வந்து நிறைவேறியது. அந்த நேரத்தில் யாரும் அதை எதிர்த்திருக்க முடியாது, நானும் கை தட்டியவன்தான். ஆனால் தன் உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றி அவை பேசியது, வெட்டு அமலுக்கு வந்து ஐந்து மாதம் கழித்து.

அமெரிக்க வழி காகிதத்தில் இதைவிடக் கறாரானது. அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், ஜனாதிபதி தன் பட்ஜெட்டில் அதை அப்படியே சேர்க்க வேண்டும். மாற்றக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. படித்ததும் இதுதான் சரி என்று தோன்றியது. எங்கள் இரண்டாவது யோசனைக்கு ஓட்டுப் போடக்கூட நினைத்தேன்.

பிறகுதான் ஓட்டை தெரிந்தது. கேட்பதைத்தான் மாற்றக் கூடாது. ஆனால் பணம் வர ஆண்டுதோறும் ஒரு மசோதா நிறைவேற வேண்டும், அதற்கு ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். 1995 அக்டோபரில் கிளின்டன் காங்கிரசின் சொந்தச் செலவு மசோதாவை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். மசோதாவில் தவறு என்று அவர் சொல்லவில்லை. மக்கள் வேலை பாக்கி கிடக்கும்போது முதலில் உங்கள் வேலையை முடித்துக்கொள்கிறீர்களே என்பதுதான் அவர் குறை. அடுத்த மாதமே அதே போன்ற மசோதாவில் கையெழுத்தும் போட்டார். அதாவது, அந்தப் பணம் பேரத்துக்கான ஒரு பிடி.

தேசிய அளவில் இல்லை, மாநில அளவில்தான், ஆனாலும் மினசோட்டா கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2017இல் ஆளுநர் மார்க் டேட்டன் சட்டமன்றத்தின் இரண்டாண்டு நடைமுறைச் செலவை, சுமார் 13 கோடி டாலர், ஒரே கோடாக அடித்துவிட்டார். வரிச்சலுகை போன்ற சில விஷயங்களில் மறுபடி பேச உட்காருங்கள், பணம் தருகிறேன் என்பது நிபந்தனை. (அங்கே ஆளுநர் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சித் தலைவர், நம் ஊரைப் போல நியமிக்கப்படுகிறவர் அல்ல.) சட்டமன்றம் கோர்ட்டுக்குப் போனது. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தது. நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டோ செல்லும் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு கூட்டத்தொடரில்தான் பணம் திரும்பி வந்தது. கேள்வி கேட்கிறவனின் சாப்பாட்டுத் தட்டை, கேள்வி கேட்கப்படுகிறவன் இழுத்து வைத்துக்கொண்டான். கோர்ட்டும் அது அவன் தட்டுதான் என்றது.

2025இல் செலவு மசோதாக்கள் நிறைவேறாமல் அக்டோபர் 1 தொடங்கி 43 நாள் அமெரிக்க மத்திய அரசு முடங்கியபோது நடந்தது இன்னொரு விதம். உறுப்பினர்களின் சம்பளம் ஆண்டு மசோதாவில் இல்லை, நிரந்தர ஒதுக்கீட்டில் வருகிறது. ஆகவே அது நிற்கவில்லை. ஆண்டு மசோதாவை நம்பியிருந்த, காங்கிரஸ் கட்டடத்தைக் காக்கும் கேபிடல் போலீஸ்காரர்கள் சம்பளம் வராமலே வாசலில் நின்றார்கள். 2018-19 முடக்கத்தின்போது காங்கிரசின் மசோதா முன்கூட்டியே நிறைவேறியிருந்ததால் இந்தச் சிக்கல் வரவில்லை. ஆக, வாசல் காவலருக்கு மாதச் சம்பளம் வருவது எந்த மசோதா எந்த மாதம் முடிகிறது என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சரி, பிரிட்டன். என் ஓட்டு இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன், தெரிந்தே படியுங்கள்.

1978இல் ஒரு சட்டம் போட்டு காமன்ஸ் சபைக்கு (நம் மக்களவை மாதிரி) ஓர் ஆணையம் அமைத்தார்கள். சபாநாயகர்தான் தலைவர், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலிருந்தும் ஆட்கள் உண்டு. சபையின் நிர்வாகச் செலவு மதிப்பீட்டைத் தயாரிப்பது அந்த ஆணையம். சபை முன் வைப்பதும் அதுவே. நிதியமைச்சருக்கு நடுவில் நாற்காலி இல்லை. கருவூலத்தின் மேசையைத் தொடாமல் காகிதம் சபைக்குப் போகிறது.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது இந்த ஒரே அம்சம்தான்: சண்டை வந்த வருஷத்தில் யாரால் குழாயை மூட முடியும்? நல்ல வருஷத்தில் ஒதுக்கீட்டை யாரும் தாராளமாகத் தருவார்கள். எங்கள் செயலாளரும் டீசல் பில்லைத் தொடுவதற்கு முன்னால் டீயும் வடையும் வாங்கித் தந்தவர்தான். ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கிறதே, பிரிட்டனிலும் மதிப்பீட்டைத் தோற்கடிக்கலாமே என்று கேட்கலாம். தோற்கடிக்கலாம். ஆனால் அதற்குச் சபையில், எல்லார் கண் முன்னாலும், தன் சபையின் செலவுக்கு எதிராகக் கை தூக்க வேண்டும். இழுப்பறையை மூடிவிட்டு "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்துக்காகத்தான் என் ஓட்டு.

தனக்குத் தானே பணம் ஒதுக்கினால் கொள்ளையடிக்க மாட்டார்களா? அடித்தார்கள். 2009இல் பிரிட்டிஷ் எம்.பி.க்களின் படிக் கணக்கு வெளியே வந்தபோது அகழியைச் சுத்தம் செய்த செலவு முதல் குளத்தில் வாத்துக்கு வைத்த வீடு வரை சந்தி சிரித்தது. அதன் பிறகு உறுப்பினர்களின் சம்பளமும் செலவுப் படியும் தனிச் சுதந்திர அமைப்பிடம் போய்விட்டன. ஆணையத்தின் கையில் இருப்பது சபையை நடத்தும் செலவு. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. விளக்கு, மைக், நூலகம், எழுத்தர் எல்லாம் ஒரு பை. உறுப்பினரின் சட்டைப்பை வேறு. நம் ஊரில் எம்.பி.க்களின் சம்பளத்தை நாடாளுமன்றமே சட்டமாகப் போட்டுக்கொள்கிறது. 2018இல் அதை விலைவாசிக் குறியீட்டோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உயரும்படி கட்டிவிட்டதில் சங்கடம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்த இடத்தில் நம் வழி பிரிட்டனுக்குப் பெரிதாகச் சளைத்தது இல்லை.

இப்போது என் கட்சிக்கு எதிரான சாட்சி. பராமரிப்பு. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையை இழுத்துப் பிடித்து வைக்கவே வாரத்துக்கு சுமார் 20 லட்சம் பவுண்டு போகிறது என்று அவர்களுடைய பொதுக் கணக்குக் குழுவே 2023இல் எழுதியது. தீப்பிடிக்காமல் பார்க்க ராப்பகலாக ஆட்கள் சுற்றி வருகிறார்கள். மணிக்கூண்டைச் சீரமைக்க 2.9 கோடி பவுண்டு என்று ஆரம்பித்து ஏறக்குறைய 8 கோடியில் முடிந்தது. முழு மராமத்துக்கு 2019இல் சட்டமே போட்டும் இழுபறிதான். பணத்தின் சாவி தன் இடுப்பிலேயே இருக்கும்போது ஏன் இப்படி? தனக்கே செலவழிக்க வேண்டும் என்கிறபோது கை கூசுகிறது. ஊருக்குப் பள்ளிக்கூடம் ஒழுகும்போது உனக்கென்ன புதுக்கூரை என்று கேட்பார்களே என்ற பயம். அந்த இடத்தில் இருந்த பழைய அரண்மனை 1834இல் எரிந்ததும் ஒரு கணக்குவழக்குச் சமாச்சாரம்தான். கருவூலம் அந்தக் காலத்தில் கணக்கைக் கீறிவைத்த, வழக்கொழிந்த மரக் குச்சிகளை அடித்தளத்து உலையில் போட்டு எரிக்கப்போய், கட்டடமே போய்விட்டது.

இந்த விஷயத்தில் நம் வழிக்கு ஒரு சௌகரியம் உண்டு. புது நாடாளுமன்றக் கட்டடத்தைக் கட்டியது அவையின் பட்ஜெட் அல்ல, வீட்டுவசதி அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்திய பொதுப்பணித் துறை. 2020 டிசம்பரில் அடிக்கல், 2023 மே 28இல் திறப்பு. சபாநாயகர் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டிய அவசியமே வரவில்லை. 2024 ஆகஸ்ட் மழையில் லாபியில் சொட்டிய தண்ணீருக்கு ஒரு நீல வாளியை வைத்திருந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனாலும் நூறாண்டுக்குப் பக்கம் ஆன கட்டடத்தை விட்டுப் புதியதற்குப் போவதை இரண்டரை வருஷத்தில் முடித்தது அரசின் கை இருந்ததால்தான். அந்தக் கையைப் பாராட்டுவதா, பயப்படுவதா என்பதில் இன்னும் எனக்குத் தெளிவு இல்லை. அவையை எப்போது கூட்டுவது என்பதும் அதே கையில்தான் இருக்கிறது. 2020 குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்காமலே போனதற்குக் காரணம் பணமில்லாமை இல்லை.

எங்கள் சங்கத்தில் மூன்றாவது யோசனை ஜெயித்து, குழுவுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், ஏப்ரலில் ஒரே தவணையாக என்று ஆனது. ஜெராக்ஸுக்கு இப்போது யாரிடமும் போய் நிற்பதில்லை. ஆனால் குழுவின் பீரோவுக்கு ஒரு கதவு துருப்பிடித்துக் கழன்று கயிற்றில் தொங்குகிறது. போன மழையில் கீழ்த்தட்டுக் காகிதம் நனைந்தது. அதை மாற்றத் தனியாகக் கேட்கலாம் என்று சொன்னேன். கூட இருக்கும் இருவருமே வேண்டாம் என்றார்கள். "நம்ம அலமாரிக்கு நாமளே காசு கேட்டா பேசுவாங்க சார்." நானும் வற்புறுத்தவில்லை. டீசல் பில் கட்டு இப்போதைக்கு என் வீட்டுப் பரணில் இருக்கிறது.