ஆறு தடவை பார்த்த பிறகு: காட்ஸில்லா மைனஸ் ஒன்

(முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதல் தடவை பார்த்தபோது, டோக்கியோவின் கின்சா பகுதியில் ராட்சத மிருகம் காட்ஸில்லா ரயில் பெட்டியைக் கவ்வித் தூக்கிய இடத்தில் கையில் இருந்த முறுக்கைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தப் பகுதி வந்தால் என் கண் போவது மொட்டைமாடிக்கு. மைக்கைப் பிடித்து வர்ணனை செய்துகொண்டே சிலர் கட்டடத்தோடு சரிகிறார்கள். இது 1954-இல் வந்த முதல் காட்ஸில்லா படத்தின் சொத்து. அதில் கோபுரத்தில் நிற்கும் செய்தியாளர் 'சயோனாரா' (போய் வருகிறேன்) சொல்லிவிட்டுத்தான் விழுவார்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் இஷிரோ ஹோண்டாவின் அந்தக் கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தேன். அந்த வருடம் மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மேல் கொட்டியது. நவம்பரில் படம் வந்தது. தொடக்கத்திலேயே கடலில் ஒரு கப்பல் தீப்பிடித்து மூழ்கும். பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

பின்னால் அதே காட்ஸில்லா குழந்தைகளின் தோழனாகி, ரோபோவோடு மல்லுக்கட்டியது தனிக்கதை. 1984-இல் ஒருமுறை நடுவில் வந்ததையெல்லாம் துடைத்துவிட்டு முதல் படத்துக்குத் திரும்பினார்கள். மைனஸ் ஒன்னின் இயக்குநர் தகாஷி யமஸாகி இன்னும் பின்னால் போய், போரில் தோற்றுக் கிடக்கும் 1947-இல் கதையை வைத்துவிட்டார்.

ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: டிவி ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். கடல் சண்டையில், முதல் படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபேயின் பழைய இசை எழும்பும்போது ஹெட்போனில் நெஞ்சு அதிரும். அந்த உறுமலும் முதலில் அவர் கைவண்ணம்தான். பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் என்ற பெரிய வாத்தியத்தின் தந்தியை இழுத்துத் தேய்த்த சத்தம்.

குறை? அழுகைக் காட்சிகள் நான்காவது தடவையிலிருந்து நீளமாகத் தெரிகின்றன. முடிவும் உறுத்துகிறது. பழைய படத்தில் விஞ்ஞானி செரிசாவா, காட்ஸில்லாவைக் கொல்லும் தன் ஆயுதம் இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது என்று குறிப்புகளை எரித்துவிட்டு, கடலடியில் தானும் சாகிறார். இதில் நாயகன் ஷிகிஷிமா, போரில் கமிகாசே (எதிரி மேல் விமானத்தோடு மோதிச் சாக அனுப்பப்பட்ட) விமானி, காட்ஸில்லா மேல் மோதவிட்ட விமானத்திலிருந்து குதித்துப் பிழைக்கிறான். சமாதானம் சொல்லிவிட்டார்களே என்று தோன்றியது. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கேட்டாள்: "கமிகாசேன்னு அனுப்பினாங்களே, அதுல செத்தவங்க பத்தாதா?"

அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஏழாவது தடவைக்கு, வண்ணத்தை எடுத்துவிட்டு வெளியிட்ட கருப்பு வெள்ளைப் பதிப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.